ஃபர்னஸ் சூடாகாத நாள்

அத்தியாயம் 14

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் சுவேதா மூன்று முறை கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டாள். தாள் இருந்தது. நான்காக மடித்து டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் செருகி வைத்திருந்தாள்.

"இன்னாடி, பையிலயே தலைய வுட்டுகினு கீற?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் பொன்னியம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

"மூணு நாளா இதே பாட்டு. துன்றதும் இல்ல, தூங்கறதும் இல்ல. உங்க நைனா டிப்போவுக்குக் கெளம்பறப்ப கூட நீ முழிச்சிகினுதான் இருந்தியாமே."

சுவேதா செருப்பை மாட்டினாள். வாசலில் அண்ணன் அருள் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் கண்டுபிடித்த விஷயம்தான் அந்தத் தாளில் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய முதல் ஆள் அண்ணன். அண்ணனிடம் சொல்லத்தான் மூன்று நாளாக வாய் வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர்கள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி, மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்கு ஒரு புதுக் காந்தம் தேடிக்கொண்டிருக்கிறது. இப்போது போடும் காந்தத்துக்கு வேண்டிய அரிய வகைக் கனிமங்கள் கப்பலில் வர வேண்டும். வந்தால் உண்டு. அவை இல்லாமல் மாங்கனீசு, அலுமினியம், நிக்கல், கரி என்று சுலபமாகக் கிடைப்பதை வைத்தே அந்தப் பலத்தைக் கொண்டுவர முடியுமா? எதில் எவ்வளவு போடுவது, எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் சுடுவது என்று கணக்குப் போட்டால் லட்சக்கணக்கான வழிகள். எல்லாவற்றையும் செய்து பார்க்க ஆயுசு போதாது.

அதற்குத்தான் சுவேதாவின் கம்ப்யூட்டர் மாடல். இதுவரை செய்து பார்த்த சாம்பிள்களின் ரீடிங்குகளை அவள் அதற்குக் கொடுப்பாள். அது அவற்றைப் படித்துக்கொண்டு, அடுத்து எதைச் செய்து பார்த்தால் நல்லது என்று சொல்லும். அது சொன்னபடி பொடி கலந்து, மாத்திரை மாதிரி வில்லையாக அழுத்தி, ஃபர்னஸில் சுட்டு, அளந்து ரீடிங் ஏற்றுவது அருளின் வேலை.

அவன் முன்பு இருந்த ஃபேக்டரி மூடியபோது, "என் அண்ணன் சார். ஃபர்னஸ்ல பத்து வருஷம் நின்னவரு. நம்பி வெக்கலாம்" என்று கம்பெனியை நடத்தும் ரகுநாதன் சாரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டவள் சுவேதாதான்.

வேலப்பன்சாவடியைத் தாண்டினார்கள். வானகரம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. சுவேதா முன்னால் குனிந்து அவன் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"ண்ணா, ஜூலை பதினெட்டாந்தேதி நீ எங்க இருந்த?"

"இன்னா கேள்வி இது. நேத்து துன்னதே நெனப்புல இல்ல."

"அன்னிக்கு ஏழு சாம்பிளுக்கு ரீடிங் ஏத்திக்கீற. ஆனா ஃபர்னஸ் அன்னிக்கு ஆன் ஆவவே இல்ல. அது நிமிஷத்துக்கு நிமிஷம் சூட்டைப் பதிஞ்சி வெச்சிக்கும்ணா. நாள் பூரா முப்பத்தி ரெண்டு டிகிரிதான் காட்டுது."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அருள் வண்டியை நகர்த்தவில்லை. லாரிக்காரன் தலையை நீட்டித் திட்டியபிறகுதான் கிளட்சை விட்டான்.

அயனம்பாக்கத்தில் ஒரு பூட்டிய கடை முன்னால் நிறுத்தி இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தள்ளினான்.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"அன்னிக்கு ஆவடிக்குப் போயிருந்தேன்" என்றான்.

சுவேதாவுக்கு மேற்கொண்டு சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆவடி என்றால் அண்ணி. வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதற்கு வீட்டில் நடந்த சண்டையில், பங்குனி மாதம் சிம்ரன் அம்மா வீட்டுக்குப் போனவள். இன்றுவரை வரவில்லை. அருளும் அவள் பெயரை வீட்டில் எடுப்பதில்லை.

"அவுங்கண்ணன் பேசணும்னு வரச் சொன்னாரு. ஒரு மணி நேரத்துல ஓடியாந்துரலாம்னு சொல்லாம கொள்ளாம பூட்டேன். மூணு மணி வரைக்கும் உக்கார வெச்சிருந்தாங்கோ. சிம்ரன் உள்ளதான் இருந்துச்சி. கொலுசு சத்தம் கேட்டுச்சி. வெளிய வர்ல. அப்பறம், கெளம்புப்பான்னாங்கோ, கெளம்பிட்டேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது?"

லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. சுவேதா கேட்க நினைத்த கேள்வி அது இல்லை. மூன்று நாளாக அவளை அரித்தது வேறு.

"சரி. சுடாமயே ரீடிங் போட்ட. ஆனா ஏன் அவ்ளோ நல்லதா போட்ட? நானூத்தி இருபத்தி மூணு சாம்பிள்ல அந்த ஏழுதான் டாப்பு. சுமாரா போட்டிருந்தா மாடல் அந்தப் பக்கம் போயிருக்கவே போயிருக்காது."

அருள் கையுறை விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டான்.

"அந்த வாரம் பூரா நீ மூஞ்சிய தொங்கப் போட்டுகினு இருந்த. ஒண்ணும் வர மாட்டுதுண்ணான்னு சொல்லிகினே இருந்த. சரி, இது கொஞ்சம் நல்லா வந்த மாதிரி இருக்கட்டும், ரெண்டு நாள்ல நெஜமாவே சுட்டு மாத்திக்கலாம்னு நெனச்சேன். மறுநாள் நீ அதப் பாத்துட்டு எனக்கு டீ வாங்கியாந்து குடுத்த. அதுக்கப்பறம் மாத்த முடில."

சுவேதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபப்படத்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து தயாராகி வந்திருந்தாள். அது எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்பறம் உன் மிஷினு அதே எடத்த சுத்திச் சுத்தி வந்துச்சி" என்றான் அருள். "நிக்கல கூட்டு, சூட்ட கொற, திரும்பப் பண்ணு. இருபத்தி மூணு சாம்பிள் சுட்டேன் சுவே. ஒண்ணு கூட வராதுன்னு தெரிஞ்சிகினே சுட்டேன்."

"இன்னிக்கு நாலு மணிக்கு ஆர்டர் பேச ஸ்கூட்டர் கம்பெனிக்காரங்க வராங்க."

"தெரியும். ரெண்டு நாள் டைம் குடேன். அந்த ஏழு வில்லையும் இன்னும் டப்பால கீது. சுட்டுப் பாத்துடறேன்."

"சுட்டா வருமாண்ணா?"

அவன் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியில் ஏறினான்.

ஆபீஸுக்குப் போனதும் சுவேதா அந்த ஏழு ரீடிங்குகளையும் பட்டியலிலிருந்து எடுத்தாள். மாடலை முதலிலிருந்து படிக்க விட்டாள். அது முடிய நாற்பது நிமிடம் ஆகும். நாற்காலியில் உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடித்து வந்தாள். குடிக்காமல் வைத்தாள். மாடிக்குப் போய், இறங்கி, மறுபடியும் மாடிக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அருள் எந்த வேலையும் இல்லாமல் வில்லை அழுத்தும் பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டரில் மாடலின் படம் வந்திருந்தது.

இரண்டரை மாதமாக அந்தப் படத்தின் வலது மூலை சிவப்பாக ஜொலிக்கும். நல்ல காந்தம் இங்கேதான் இருக்கிறது என்று மாடல் சொல்லும் இடம் அது. கம்பெனியின் சுவரில் ஒரு பிரிண்ட்கூட ஒட்டி வைத்திருந்தார்கள். இப்போது அந்த மூலை வெறும் சாம்பல் நிறம். அதற்குப் பதில் இடதுபக்கம், யாரும் ஒரு வருடமாகத் திரும்பிப் பார்க்காத ஓரத்தில், ஒரு சின்ன ஆரஞ்சுத் திட்டு. நிக்கலே இல்லை, கரி கொஞ்சம் கூடுதல், சூடும் கூடுதல்.

பன்னிரண்டு மணிக்கு ரகுநாதன் அறைக்குப் போய்த் தாளை அவர் மேஜைமேல் பிரித்து வைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆவடியை மட்டும் சொல்லவில்லை.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். சத்தம் போடுவார் என்று நினைத்தாள். போடவில்லை.

"மீட்டிங் முடியட்டும்" என்றார். "அவங்க முதல்ல சரின்னு சொல்லட்டும். அப்புறமா நாமே இன்னும் நல்ல இடம் கண்டுபிடிச்சோம்னு மாத்திக்கலாம்."

"அந்த மூலையில அம்பது கிலோ பண்ணச் சொல்வாங்க சார். ஒண்ணும் வராது."

"பதினெட்டு பேர் இங்க வேலை பாக்குறாங்க சுவேதா. அவங்க இன்னிக்கு எழுந்து போயிட்டா பொங்கல் வரைக்கும்கூட இந்த ஷட்டர் தெறந்திருக்காது. அந்தப் பதினெட்டுல உங்க அண்ணனும் ஒருத்தர், நீங்களும் ஒருத்தர்." கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரு பக்கமும் அழுத்திக்கொண்டார். "நானே பேசறேன். நீங்க படத்தை மாத்தாதீங்க. அவ்வளவுதான்."

வெளியே வந்தபோது அருள் வராந்தாவில் நின்றிருந்தான்.

"சொல்ட்டியா?"

"ம்."

"இன்னா சொன்னாரு?"

"கம்முனு இருக்கச் சொன்னாரு."

"இருப்பியா?"

"தெர்லண்ணா" என்றாள் சுவேதா. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டை இருவரும் திறக்கவில்லை.

நாலு மணிக்குச் சரியாக வந்துவிட்டார்கள். மூன்று பேர். பேசுகிறவர் சுரேகா என்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும், நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்தார். கொடுத்த காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

ரகுநாதன் திரையில் படத்தைப் போட்டார். பழைய படம். சிவப்பு மூலை. அருள் சாம்பிள் தட்டுகளைக் கொண்டுவந்து ஓரத்து மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றான். சுவேதா நகத்தைக் கடித்தாள். ஏழு வயதில் விட்ட பழக்கம் அது.

"இந்த ஏழும்தான் பெஸ்ட், இல்லையா?" என்றார் சுரேகா. "இதுக்கப்புறம் அதே ஏரியாவுல நிறைய பண்ணியிருக்கீங்க. எதுவும் இதுக்குப் பக்கத்துலகூட வரலையே?"

"பொடியோட தரத்துல கொஞ்சம் வித்தியாசம் இருந்துது" என்றார் ரகுநாதன்.

"அப்படியா. சரி, இந்த ஏழை நான் கையில பாக்கலாமா?"

ரகுநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுவேதாவும் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அவள் எழுவதற்குள் அருள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

ஒரு நிமிடத்தில் திரும்பினான். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடியில் அவன் கையெழுத்தில் தேதி. அதைச் சுரேகா முன்னால் வைத்தான்.

அவர் ஒரு வில்லையை எடுத்தார். எடுத்ததுமே ஓரம் உதிர்ந்தது. விரலில் சாம்பல் நிறப் பொடி ஒட்டியது. இரண்டு விரலையும் தேய்த்துப் பார்த்தார்.

"இது சுடவே இல்லையே?"

"இல்ல மேடம்" என்றான் அருள். "அன்னிக்கு நான் வேலைல இல்ல. ரீடிங் நானா போட்டது. இதோ உக்காந்துகீதே, அது என் தங்கச்சி. அதுக்குத் தெரியாது. வெள்ளிக்கெழமதான் கண்டுபுடிச்சிது. அது கண்டுபுடிக்கலன்னா நான் சொல்லியிருப்பேனான்னும் எனக்குத் தெர்ல."

சுரேகா ரகுநாதனைப் பார்த்தார். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

ரகுநாதன் திரையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "மதியம்" என்றார்.

கூட வந்த இருவரில் ஒருவர் லேப்டாப்பை மூடினார். சுரேகா கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். கிளம்பப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் சுவேதா பக்கம் திரும்பினார்.

"இந்த ஏழை எடுத்துட்டு ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"காட்டுங்க."

சுவேதா எழுந்துபோய்ப் புதுப் படத்தைப் போட்டாள். சாம்பல் பரப்பும் ஓரத்து ஆரஞ்சுத் திட்டும்.

"மீதி ரீடிங்கை எல்லாம் எப்படி நம்பறது?"

"மீதி நானூத்திப் பதினாறு மேடம். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஒவ்வொண்ணையும் ஃபர்னஸ் மெமரியோட ஒத்துப் பாத்தேன். நேரம், டிகிரி எல்லாம் நிமிஷ சுத்தமா இருக்கு. அந்த ஒரு நாள் மட்டும்தான்." சொல்லும்போது அண்ணனைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுரேகா நோட்டில் ஏதோ எழுதினார். "இந்த ஓரத்துல ஒரே ஒரு சாம்பிள். பத்து நாள்ல எங்க லேபுக்கு வரணும். அளக்கறது நாங்க. நல்லா இருந்தா மேல பேசலாம்." எழுந்தவர் மேஜைமேல் சிந்தியிருந்த பொடியைப் பார்த்தார். "இல்லைன்னா பேச வேண்டாம்."

அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் ரகுநாதன் ஃபர்னஸ் அறைக்கு வந்தார். அருள் எழுந்து நின்றான்.

"நீயா சொன்னதால நான் மரியாதையா சொல்றேன். நாளையிலேர்ந்து வர வேண்டாம். பாஸை கேட்ல இருதயராஜ்கிட்ட குடுத்துட்டுப் போ."

"சரி சார்."

அவர் போனபிறகு அருள் அலமாரி சாவியையும் கனத்த கையுறைகளையும் மேஜைமேல் வைத்தான். சுவேதா குறுக்கே போய் நின்றாள்.

"நான்தான் சேத்துவுட்டேன். நானே..."

"நீ இன்னா பண்ண? நீ சரியாதான் பண்ண." முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். "நிக்கல் இல்லாத பொடி அச்சுல ஒட்டிக்கும். கொஞ்சம் மெழுகு தடவிட்டு அழுத்து. மொதல்ல ஆர்கான் வாயுவ கால் மணி நேரம் வுடு. உள்ள கீற காத்து பூரா வெளிய போவணும். அப்பறம்தான் சூடு."

"நானா சுடறது?"

"வேற யாரு கீறா?"

"ண்ணா, ஊட்டுக்குத்தானே போற?"

"ம்" என்றான். அந்த 'ம்' அவளுக்குப் பிடிக்கவில்லை. பின்னாலேயே போயிருக்கலாம். ஆனால் ரகுநாதன் மாடியிலிருந்து கூப்பிட்டு, புதுக் கலவையின் அளவுகளை உடனே எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடியபோது பைக் நிறுத்தும் இடம் காலியாக இருந்தது.

கையுறை அவளுக்கு முழங்கை வரை வந்தது. எடை பார்த்து, கலந்து, அச்சில் கொட்டினாள். முதல் வில்லை பிரஸ்ஸிலிருந்து எடுக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. இரண்டாவது உள்ளங்கையில் பொடியாகிப் போனது. மெழுகு தடவ மறந்தது அப்புறம்தான் உறைத்தது. மூன்றாவது நின்றது. அதை மூச்சு விடாமல் தூக்கி உள்ளே வைத்தாள். ஆர்கான் வாயுவைத் திறந்து கால் மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறரைக்குச் சூட்டைப் போட்டாள்.

முப்பத்து மூன்று. நாற்பது. ஐம்பத்தெட்டு. எண்கள் ஏறின. அருளுக்கு ஆறு முறை போன் செய்தாள். முதல் இரண்டு முறை அடித்தது. பிறகு ஸ்விட்ச் ஆஃப்.

நூற்றுப் பத்தில் அவளுடைய போன் ஒலித்தது. அம்மா.

"அருள் எங்கடி? செல்லு ஆஃப்னு வருது."

"இன்னும் வர்லியாம்மா?"

"வர்ல." பொன்னியம்மாவின் குரல் தணிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள் என்று தெரிந்தது. "சிம்ரன் வந்துகீது."

சுவேதா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"தனியாவா?"

"ஒண்டியாதான். ரெண்டு பை எடுத்துகினு ஆட்டோல வந்து எறங்கிச்சி. வந்ததும் வராததுமா அவரு எங்கன்னு கேட்டுச்சி. வேலைலேர்ந்து வர நேரந்தான்னு சொல்லி வெச்சிக்கீறேன். உக்காருன்னா உக்கார மாட்டுது. வாசலையே பாத்துகினு நிக்குது. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெர்ல. நீங்க ரெண்டு பேரும் காலையிலயே ஒரு மாதிரியாதான் போனீங்கோ. இன்னா நடந்துச்சி?"

ஃபர்னஸ் நூற்று முப்பதைத் தொட்டது. அங்கிருந்து நகர முடியாது. அண்ணன் எங்கே என்று தெரியாது. அவனாக வந்து அவனாகச் சொல்லட்டும் என்று விட்டுவிடலாம். அதற்குள் யாராவது வேறு மாதிரி சொல்லி அண்ணி காதில் விழும். இல்லையென்றால் அண்ணன் வாசலில் வந்து நிற்பான், அண்ணியைப் பார்ப்பான், மறுபடியும் ஏதாவது நல்லதாக ஒன்றைச் சொல்லி வைப்பான்.

"போனை அண்ணிகிட்ட குடும்மா."

"இன்னாத்த சொல்லப் போற?"

"நடந்தத."

"அது இப்பதான் வந்துகீது சுவேதா. இன்னிக்கே திரும்பிப் பூட்டா?"

"தெரிஞ்சிகினு போறதுன்னா போட்டும்மா. தெரியாம இருக்க வேணாம். குடு."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தை யாரோ குறைத்தார்கள். போன் கைமாறும் சரசரப்பு. பிறகு ஏழு மாதமாகக் கேட்காத குரல், ரொம்பப் பக்கத்தில்.

"சொல்லு சுவேதா. அவருக்கு இன்னா ஆச்சு?"

சுவேதா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். மீட்டிங்கிலிருந்து எழுந்தபிறகு அப்போதுதான் உட்காருகிறாள்.

"அண்ணி, ஜூலை மாசம் அண்ணன் உங்க ஊட்டுக்கு வந்தாரு இல்ல, அந்த நாள்லேர்ந்து சொல்லணும்" என்றாள்.